நெருப்பு கக்கும் கார்

பேட்மேன் கார் பின்பக்கம் நெருப்பைக் கக்கிக்கொண்டு பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். 1966 டி.வி. தொடரிலேயே உண்டு. டைரக்டருக்கு அது கம்பீரம். பி.காம். படித்தவன் கண்ணுக்கு ஊதாரித்தனம்.

ஜெட் என்பது காற்றைப் பின்னால் வீசிவிட்டு முன்னால் போவது. பலூன் சமாச்சாரம்தான். வீசிய காற்று எடுத்துக்கொண்டு போகிற சக்தி மொத்தமும் நஷ்டக் கணக்கு. காற்று மணிக்கு 2,000 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 900-ல் பறக்கும் விமானத்துக்கு அந்த வீச்சில் நூற்றுக்கு அறுபது ரூபாய் தேறும். 60-ல் போகும் காருக்கு? ஆறு ரூபாய்கூடத் தேறாது! சாதாரண டயர் கெட்டிக்காரத்தனமாகப் பூமியைத் தள்ளுகிறது. பூமி நகராது, சக்தியையும் எடுத்துக்கொண்டு ஓடாது.

முடியவே முடியாதா என்றால், முடியும். 1997 அக்டோபர் 15-ம் தேதி அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஆண்டி கிரீன் என்பவர் த்ரஸ்ட் எஸ்.எஸ்.சி. காரில் மணிக்கு 1,228 கி.மீ. தொட்டார். இரண்டு போர் விமான இன்ஜின்கள். நிறுத்துவதற்குப் பாராசூட். எதிரே ஒரு ஈ, காக்கா கிடையாது.

அந்தக் காரை இரணியலுக்குக் கொண்டுவாருங்களேன். தக்கலையிலிருந்து திங்கள்சந்தை போகிற வழி. முன்னால் பஸ். பின்னால் டி.வி.எஸ். வண்டியில் குளச்சல் மீனோடு ஒரு அண்ணாச்சி. பஸ் நின்றால் நீங்களும் நிற்கவேண்டும். நின்றாலும் இன்ஜின் கொதிக்கொதிக்க ஊதிக்கொண்டேதான் இருக்கும். மீன் பெட்டியிலேயே வெந்துவிடும். அண்ணாச்சி கதி?

சினிமா மேல் என் புகாரே இதுதான். ஹீரோவின் முகத்தைக் காட்டுகிறார்கள், நெருப்பைக் காட்டுகிறார்கள். பின்னால் வருகிறவரை மட்டும் காட்டுவதேயில்லை.

க்ரைஸ்லர் கம்பெனி யோசித்தது. 1963-லிருந்து 1966 வரை 50 டர்பைன் கார்களைப் பொதுமக்களிடம் ஓட்டக் கொடுத்தது. அது ஜெட்டால் தள்ளும் கார் அல்ல, டர்பைன் சக்கரத்தைச் சுற்றும். புகையின் சூட்டைக் குறைக்கத் தனி ஏற்பாடே செய்திருந்தார்கள். அப்படியும் எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை, மூட்டை கட்டிவிட்டார்கள்.

பக்கத்து மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறது. ஊரைவிட்டுத் தள்ளி, மலையடிவாரத்தில், இறுகக் கட்டிவைத்து. நெருப்பின் குணம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நம் டைரக்டர்கள் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.