வீரப்பன்: சேஸிங் த பிரிகண்ட் (நூல்)

வீரப்பன்: சேஸிங் த பிரிகண்ட் (2017), தமிழகச் சிறப்பு அதிரடிப்படைக்குத் தலைமை வகித்த க. விஜயகுமார் ஆங்கிலத்தில் எழுதிய நூல். சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலைக் காடுகளில் நடந்த தேடுதல் வேட்டையை விவரிக்கிறது.

உள்ளடக்கம்

1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தது, 2000-ல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டது ஆகியவற்றைக் கடந்து, 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டியில் வீரப்பனும் மூன்று கூட்டாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டதில் முடிகிறது.

மதிப்பீடு

காட்டுப் போர் பற்றிய நூல்களில் வழக்கமாக வீரமே முன்னிற்கும். இந்நூலின் கதையிலோ காடு வெல்லப்படவே இல்லை. உளவாளிகளை ஊடுருவச் செய்து, ஆம்புலன்ஸில் ஏற்றி, வீரப்பனைச் சமவெளிச் சாலைக்கு வரவழைத்த பிறகே படை வென்றது. துப்பாக்கியைவிடத் தகவலும் பொறுமையும் பெரியவை என்பதை வாசகர் இதிலிருந்து அறியலாம்.

ஆனால் இது தலைமை அதிகாரியின் பார்வை. அதே காட்டில் வாழ்ந்த பழங்குடியினருக்கு அதிரடிப்படை என்னவாக இருந்தது என்பதை ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) நாவலே உள்ளிருந்து சொல்கிறது. அதிரடிப்படையினரின் அத்துமீறல்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. ஒன்றில் காடு மறைவிடம், மற்றதில் வீடு. இரண்டையும் சேர்த்து வாசிப்பவருக்கே அந்தக் காலகட்டம் முழுமையாகப் புலப்படும்.