கழுத்துக்கும் அதே 2 மில்லிமீட்டரா?

“ரோபோ வெச்சு கழுத்தெலும்புல ஸ்க்ரூ போட்டா தப்பே வராதாமே?” போளூர்ல தறிக்காரர் ஒருத்தர் கேட்டார்.

கட்டுரைகளைப் புரட்டினேன். பலதும் 1990-இல் கெர்ட்ஸ்பைன், ராபின்ஸ் வகுத்த அளவுகோலையே பிடித்துக்கொள்கின்றன: ஸ்க்ரூ எலும்பைத் தாண்டி 2 மி.மீ.க்குள் வெளியே வந்தாலும் ‘ஏற்கத்தக்கது’. அது முதுகு, இடுப்பு எலும்புகளுக்கு வந்தது. கழுத்தில் ஸ்க்ரூவே சுமார் 3.5 மி.மீ.தான், ஒட்டினாற்போல மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி. அங்கே 2 மி.மீ. சின்ன விஷயமா?

கோவை கங்கா மருத்துவமனையின் 2007 ஆய்வில், நேவிகேஷன் இல்லாமல் 23 சதவீத ஸ்க்ரூக்கள் எலும்பை மீறின. அதோடு, 2 சதவீதம்தான். அருமையான ஆய்வு. ஆனா அது மார்பு முதுகெலும்பு, ரோபோவும் இல்லை.

தமனிப் பக்கம் எத்தனை மீறிச்சுன்னு தனியாப் பிரிச்சுக் காட்டுற கட்டுரை கிடைச்சாத்தான் தறிக்காரருக்குப் பதில் சொல்லணும்.