கப்பல்கார துபாஷின் டயரி

உங்களுக்கு டயரி எழுதும் பழக்கம் உண்டா? ஜனவரி ஒன்றாம் தேதி ஆரம்பித்து, பொங்கலுக்குள் நின்றுபோகும் டயரியைச் சொல்லவில்லை. சுமார் இருபத்தைந்து வருஷம் எழுதிய ஒரு வியாபாரி புதுச்சேரியில் இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். துணி, பாக்கு வியாபாரம். 'ஆனந்தப் புரவி' என்று சொந்தக் கப்பல். அப்புறம் கவர்னர் டூப்ளேக்கு துபாஷ். 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தவர், 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்த அதே மாதம் இறந்துபோனார்.

இவரை 'இந்தியாவின் பெப்பிஸ்' என்பார்கள். எனக்கு இந்தப் பட்டம் பிடிக்கவில்லை. லண்டன் சாமுவேல் பெப்பிஸ் கடற்படை உத்தியோகஸ்தர். சுருக்கெழுத்தில் எழுதி, கண் போய்விடும் என்ற பயத்தில் 1669-ல் நிறுத்திவிட்டார். நம்மவர் முதல் போட்டவர். கடலில் ஒரு கப்பல் தாமதமானால் இவருக்கு அது சேதி மட்டுமல்ல, வயிற்றுக் கலக்கம். கவர்னரின் முகம் சுளித்தால் அதுவும் ஒரு மார்க்கெட் நிலவரம்தான். அதனாலேயே இவருடைய காது அவ்வளவு கூர்மை.

நடை? பண்டிதர் யாரும் கிட்டே வரமாட்டார்கள். முசே, துரை என்று பேச்சுத் தமிழில் பிரெஞ்சும் பாரசீகமும் புரள்கின்றன. இங்கிலீஷ் மாதமும் தமிழ் வருஷமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் நம் ஆட்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

குறையும் உண்டு. துரை தன்னைப் புகழ்ந்தால் பிள்ளை பக்கம் பக்கமாக எழுதுவார். டூப்ளேயின் மனைவி மீது கோபம் வந்தால் நிறுத்த மாட்டார். எனக்கு உறுத்துவது வேறு. துணி, மூட்டையாகவும் விலையாகவும் வருகிறது; அதை நெய்தவர் முகம் அபூர்வமாகத்தான் தெரிகிறது. வெம்பாக்கம், ஆரணிப் பக்கம் தறியில் உட்காருகிறவர்கள் படித்தால் முதலில் கேட்கப்போவது, "எங்களுக்கு என்ன கூலி கொடுத்தீங்க?" என்பதாகத்தான் இருக்கும். வியாபாரியின் கண் சரக்கோடு நின்றுவிடுகிறது. அதையும் சேர்த்துத்தான் இவரைப் படிக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 1904-ல் தொடங்கி, 1928-லேயே 12 தொகுதிகளாக முடிந்துவிட்டது. மூலமொழியான தமிழில் 12 தொகுதிகளும் மொத்தமாக வந்தது 2019-ல், பதிப்பாசிரியர்கள் மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா. நடுவே பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் எழுதியிராவிட்டால், நம்மில் பலருக்குப் பிள்ளை ஒரு தெருப் பெயராக மட்டுமே இருந்திருப்பார்.

அந்த 12 தொகுதிகள் வெளியானது எங்கிருந்து தெரியுமா? வெம்பாக்கத்துக்கு அதிக தூரமில்லாத வந்தவாசியிலிருந்து. 1760 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்களின் கனவு உடைந்த அதே வந்தவாசி!

முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்துத் திணறாதீர்கள். 1746-ஐப் பிரியுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த வருஷம். ஜெயித்த லபூர்தொனேயும் டூப்ளேயும் அடித்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு தமிழ் வியாபாரி, வாயை மூடி, காதைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அங்கிருந்து ஆரம்பித்தால் மற்ற தொகுதிகளை நீங்களே தேடிப் போவீர்கள்.