பொய் சொல்லாத கேமரா

லெனி ரீஃபென்ஸ்தாலின் 'ட்ரயம்ஃப் ஆஃப் த வில்' (1935) நாஜிகளின் பிரச்சாரப் படம் என்று தெரிந்தேதான் பார்த்தேன். இருந்தும் புல்லரித்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மேகங்களுக்குள்ளிருந்து ஹிட்லரின் விமானம் இறங்குகிறது. கீழே நியூரம்பெர்க், ஆரவாரிக்கும் கூட்டம். பின்னணிக் குரல் கிடையாது. நடந்ததைத்தான் பதிவு செய்தேன் என்று லெனி பிற்பாடு வாதாடினார்.

சரி, கூட்டம் நிஜம்தான். ஆனால் 1934 செப்டம்பரில் நடந்த அந்த மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்புதான் எஸ்.ஏ. படைத்தலைவர் ரோமை ஹிட்லர் கொல்லவைத்திருந்தார். படத்தில் அந்தப் பிணம் இல்லை. அதே படை, புதுத் தலைவரோடு விறைப்பாக நிற்கிறது.

'இது உண்மையா?' என்று கேட்டால் மட்டும் பத்தாது. ஃபிரேமுக்கு வெளியே யார் கிடக்கிறார்கள் என்றும் கேட்கணும். முக்கியமா, நமக்குப் புல்லரிக்கும்போது.