உள்ளுறையும் உளவியலும்
நற்செய்திக் கதைகளுக்குக் கூறப்படும் தியான விளக்கங்கள் பற்றிய ஓர் ஆய்வு

நற்செய்தி நூல்களிற் காணப்படும் கதைகளை மாந்தர் உள்ளத்தோடு பொருத்தி, அன்றாட வாழ்விற்கு வழிகாட்டும் முறையில் விளக்கும் உரைநடை வகை ஒன்று தமிழில் வளர்ந்துள்ளது. தியானம், அருளுரை, மறையுரை எனப் பல பெயர்களால் இது வழங்குகின்றது. தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் இலக்கிய ஆராய்ச்சியாளரின் கவனத்தைப் பெற்ற அளவில், இவ்வகை எழுத்துப் பெறவில்லை. எனினும் காப்பியங்களைக் காட்டிலும் இவ்வுரைநடையே மிகப் பலர் உள்ளத்தை நாள்தோறும் சென்று தொடுகின்றது. துன்புற்றோர்க்கு ஆறுதல் கூறும் பொறுப்பு அதன்பால் உள்ளது. ஆகலின் அஃது எவ்வாறு பொருள் கொள்கின்றது என்பதை ஆராய்தல் தமிழ்த் திறனாய்வின் கடமைகளுள் ஒன்றாம்.

இக்கட்டுரையில் மூன்று கதைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவை, கடற்புயல் அடங்கியது, தொழுநோயாளன் தொடப்பெற்றது, கரையில் பேதுரு வினவப்பெற்றது என்பன. இவற்றை ஆராயச் செங்கற்பட்டினையும் மாமல்லபுரக் கடற்கரையினையும் களமாகக் கொள்கின்றோம். கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கரையில் கடல்மேற் செல்வோர் வாழ்கின்றனர். கோவளத்தில் கார்மேல் மாதா ஆலயம் அக்கரையை அடுத்தே நிற்கின்றது. செங்கற்பட்டினை அடுத்த திருமணியில் தொழுநோய் மருத்துவமனை ஒன்று நூறாண்டுப் பழமை உடையது. கதையிற் கூறப்படும் கடலும் நோயும் இங்கு வெறும் சொற்கள் அல்ல. கண்ணாற் காணும் பொருள்கள். விளக்கங்களை உரைத்துப் பார்க்க இதனினும் ஏற்ற கட்டளைக்கல் வேறில்லை.

1. விளக்க முறையின் வரலாறு

நற்செய்தியை உளவியலோடு இணைத்தல் இருபதாம் நூற்றாண்டின் புதுமை என்பர் சிலர். அஃது ஒருபுடை உண்மையே. 1919 முதல் 1922 வரை சென்னையில் சபைப் பணி புரிந்து, பின்னர் இலண்டனிற் புகழ்பெற்ற லெஸ்லி வெதர்ஹெட், 1951-ல் உளவியல், சமயம், நோய்நீக்கம் ஆகிய மூன்றையும் இணைத்துப் பெருநூல் ஒன்று இயற்றினார். ஜெர்மனியில் ஓய்கன் திரேவர்மன், ஆழ்மன உளவியலைக் கொண்டு மறைநூலுக்குப் பொருள் காணும் முறையை 1984, 1985 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வகுத்துரைத்தார்.

ஆயினும் இம்முறையின் வேர் மிகப் பழையது. கி.பி. 354 முதல் 430 வரை வாழ்ந்த அகுஸ்தீனார், கடற்புயற் கதையை விளக்குங்கால், காற்றினை வெகுளியாகவும் படகினை நெஞ்சமாகவும் கொண்டு, உள்ளத்துள் உறங்கும் கிறித்துவை எழுப்புமாறு தம் மக்களுக்கு உரைத்தார். இன்று நாம் படிக்கும் தியானங்கள் பலவும் இவ்வழி வந்தனவே.

தமிழ்நாட்டில் இம்முறைக்கு வலுவூட்டிய நூல் வேறொன்று உண்டு. ஜான் பனியன் 1678-ல் வெளியிட்டதும், தமிழில் மோட்சப் பிரயாணம் என வழங்குவதுமான கதையே அது. அதனைத் தழுவி எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை 1894-ல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் அம்முறையைக் காப்பிய வடிவில் நிலைநாட்டிற்று. அந்நூல்களில் வரும் சேறும் மலையும் கோட்டையும் தொடக்கத்திலேயே உள்ளத்தின் நிலைகளாகப் படைக்கப்பட்டவை. அவற்றை அவ்வாறே படித்தல் முறை. ஆனால் மாற்கு கூறும் கடல், படைக்கப்பட்ட உருவகம் அன்று. ஆண்டும் ஊரும் மாந்தரும் உடைய நிகழ்ச்சியின் பகுதியாகவே அவர் அதனைக் கூறுகின்றார். உருவகக் காப்பியத்தைப் படித்துப் பழகிய கண்ணால் நிகழ்ச்சிக் கதையையும் படித்தமையே நம் தியான எழுத்தின் குறைபாடுகளுக்குத் தலையாய காரணம் என்பது நம் கருத்து.

2. உள்ளுறை தரும் அளவுகோல்

இக்குறையை அளந்து காட்டும் கருவி தமிழிலேயே உண்டு. அகப்பொருட் புலவர் கையாண்ட உள்ளுறை உவமம் அது. உள்ளுறையிற் புறத்தே கூறப்படும் கருப்பொருள் நிகழ்ச்சி தன்னளவில் மெய்யாக இருத்தல் வேண்டும். மீனும் நாரையும் தாழையும் தம் இயல்பு வழுவாது நிற்கும்போதுதான் அவற்றின் உள்ளே தலைமக்கள் நிலை புலப்படும். நாரையின் இயல்பினை அறியாதான் அப்பாட்டின் உட்பொருளையும் அறியான். புறம் பொய்ப்பின் அகமும் பொய்க்கும் என்பதே இதன் விதி.

மற்றுமொரு வரையறையையும் தொல்காப்பியர் கூறினார். தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே உள்ளுறைக்கு நிலைக்களன் ஆகும் என்பது அது. அகப்பாட்டிற்கு அவர் வகுத்த இலக்கணத்தைப் பாலத்தீன நாட்டு நூலுக்கு அப்படியே பொருத்துதல் நம் நோக்கம் அன்று. ஒன்றன் தாக்கம் மற்றொன்றில் உண்டு என்றும் நாம் கூறவில்லை. எனினும் அவ்வரையறையின் நுட்பம் ஈண்டுப் பயன்படுவதாகும். படகில் உறங்கும் இயேசுவையும் உள்மனத்தின் ஓர் ஆற்றலாக ஆக்கிவிட்டால், கதையில் எதிர்நிற்பார் ஒருவரும் இலராவர். படிப்போன் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் நிலை ஏற்படும். அஃது ஆறுதல் போலத் தோன்றினும் வேண்டுதல் ஆகாது.

3. புயலும் இருவகை அச்சமும்

கலிலேயாக் கடல் எனப்படுவது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உடையது. கடல்மட்டத்திற்கு இருநூறு மீட்டருக்கும் கீழே கிடப்பது. சூழ்ந்த மலைகளினின்றும் காற்றுத் திடீரென இறங்கி அதனைக் கலக்கும் இயல்பினது. மாற்கும் மத்தேயும் கிரேக்கத்தில் அதனைக் கடல் என்றே குறிக்க, லூக்கா ஏரி என்கின்றார்.

தியான ஆசிரியர் பெரும்பாலும் இப்புயலை மனக்கவலை என்றும், அமைதியை மன அமைதி என்றும் கொள்வர். இங்கு உளவியலே ஒரு தடையை எழுப்புகின்றது. பொருள் உடைய அச்சத்தையும் பொருள் தெளிவற்ற பதற்றத்தையும் சிக்மண்டு பிராய்டு 1926-ல் வெளியிட்ட நூலில் வேறுபடுத்தினார். சீடர்க்கு நேர்ந்தது முன்னது. படகில் நீர் நிறைகின்றது; அவர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைக் காரணமற்ற கவலையாக மாற்றி உரைப்பது கதையை உளவியலாக்குதல் அன்று. உளவியலையும் பிழைபடக் கூறுதலாகும். 2004 திசம்பர் 26-ல் ஆழிப்பேரலை ஏறிவந்த கரை இது. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கும் பரதவர் முன்னிலையில், புயல் என்பது உம் மனக்கலக்கமே என ஒருவர் உரைப்பாராயின், அவர் கதையையும் கேட்போரையும் ஒருங்கே இழப்பார்.

மெய்ப்பாட்டியல் கொண்டு நோக்கின் கதையின் உள்ளமைப்பு விளங்கும். அச்சம் தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறினார். பேராசிரியர் இடியோசை போல்வனவற்றையும் அணங்கினுள் அடக்கினார். மாற்கு நற்செய்தியில் இயேசு காற்றையும் கடலையும் அதட்டி அடக்கும் சொற்கள், முதல் அதிகாரத்தில் தீய ஆவியை அதட்டி அடக்கிய அதே கிரேக்கச் சொற்களாம். எனவே மாற்கு அப்புயலை அணங்காகவே கண்டார் எனல் பொருந்தும்.

இனி, புயல் அடங்கிய பின் நிகழ்வது நோக்கற்பாலது. சீடர் அமைதி அடைந்தனர் என்று மாற்கு கூறவில்லை. முன்னையினும் பேரச்சம் கொண்டனர் என்கின்றார். காற்றும் கடலும் கீழ்ப்படியும் இவர் யார் என்னும் வினாவுடன் கதை முடிகின்றது. அணங்கால் வந்த அச்சம் ஒழிந்து, இறையால் வரும் அச்சம் அவ்விடத்தை நிரப்பிற்று. மத்தேயு இவ்விடத்தில் அச்சத்தைக் கூறாது வியப்பினைக் கூறுகின்றார். அது புதுமையாற் பிறந்த மருட்கை. லூக்கா அச்சம், வியப்பு இரண்டினையும் ஒருங்கு வைக்கின்றார். மூன்று ஆசிரியரும் ஒரு நிகழ்ச்சியின் முடிவை மூன்று மெய்ப்பாட்டு நிலைகளாகத் தந்துள்ளனர். மன அமைதியையே முடிவாகக் கூறும் தியானம் இம்மூன்றனுள் ஒன்றையும் தொடவில்லை என்பது தெளிவு.

4. தொழுநோயும் தொடுகையும்

மாற்கு முதல் அதிகாரத்தில் வரும் தொழுநோயாளன் கதைக்கும் இந்நிலையே நேர்கின்றது. தொழுநோய் குற்ற உணர்வு என்றும், தாழ்வு மனப்பான்மை என்றும் விளக்குவார் பலர். பழைய மறைநூல் வழக்கில் இப்பெயர் தோல்நோய் பலவற்றையும் குறித்தது. 1873-ல் நார்வே நாட்டு ஹான்சன் கண்ட நுண்ணுயிரால் வரும் நோயை மட்டுமே குறித்தது எனல் இயலாது. ஆயினும் தமிழ்க் கேள்வியர் செவியில் அச்சொல் இந்நோயையே குறிக்கின்றது.

திருமணியில் 1924-ல் லேடி வெலிங்டன் பெயரால் தோன்றிய தொழுநோய் இல்லத்தை 1955-ல் நடுவண் அரசு ஏற்று, பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதற்கு முன் அங்குப் பணிபுரிந்த ராபர்ட் காக்ரேன் உலகறிந்த தொழுநோய் வல்லுநர். பன்மருந்து மருத்துவத்தை உலக நலவாழ்வு நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்த பின் இந்நோய் முற்றும் தீர்வதாயிற்று. நோய் தீர்ந்தும் விலக்கம் தீரவில்லை. கிறித்தவர்க்கு உரிய மணமுறிவுச் சட்டம் உள்ளிட்ட பல சட்டங்களில் தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாக 2019 வரை நீடித்தது. அவ்வாண்டுத் திருத்தமே அதனை நீக்கிற்று. இத்தகைய நாட்டில், நோயைப் பாவத்தின் உருவகமாக்கும் ஒவ்வொரு விளக்கமும் நோயுற்றார் மேல் மீண்டும் ஒரு சுமையை ஏற்றுகின்றது.

கதையில் இயேசுவின் உள்ளநிலை பற்றிப் பாடவேறுபாடு ஒன்றுண்டு. பெரும்பாலான சுவடிகள் அவர் மனமுருகினார் என்க, பேசா எனப்படும் சுவடி அவர் சினந்தார் என்கின்றது. வெகுளியின் நிலைக்களன் நான்கனுள் குடிகோள் ஒன்று. சுற்றத்திற்குக் கேடு சூழ்தல் என அதற்குப் பொருள் கொள்ளலாம். குடியினின்றும் பிரிக்கப்பட்ட ஒருவனைக் கண்டவிடத்து எழும் வெகுளி, அருளுக்குப் பகையன்று. அருளின் மற்றொரு முகம் எனக் கொள்ளின் இரு பாடமும் பொருந்தும். நிகழ்ச்சியின் வரிசையும் கருதத் தக்கது. கை நீட்டுதல், தொடுதல், பின்னரே சொல்லுதல் என்பது மாற்கு தரும் முறை. கதை முடிவில் நோயாளன் ஊருக்குள் செல்ல, இயேசு ஊருக்கு வெளியே தனியிடங்களில் தங்குகின்றார். இருவர் இடமும் மாறிவிட்டன. இம்மாற்றத்தைக் காணாத விளக்கம், உளவியற் சொல் எத்துணை நிரம்பியதாயினும், கதையின் உயிரைத் தவறவிட்டதாகும்.

5. கரையும் கரிநெருப்பும்

புறம் மெய்யாக நிற்குங்கால் அகம் எத்துணை ஆழமாகப் புலப்படும் என்பதற்கு யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் சான்றாகும். விடியற்காலை, இரவெல்லாம் வலை வீசியோர், கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், அருகே அப்பம். கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகின்றது. ஒன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டு தம் ஆசிரியரை மறுதலித்த முற்றம், மற்றொன்று இக்கரை. மும்முறை மறுத்தவர் மும்முறை வினவப்படுகின்றார்.

பேதுரு மறுதலித்தபின் அழுதார் என ஏனைய மூவரும் கூற, யோவான் அவ்விடத்து அழுகையைக் கூறாது விட்டார். மூன்றாம் வினாவின்போதே அவர் துயருற்றார் என்று இக்கரையில் வைத்துக் கூறுகின்றார். முற்றத்தில் அடங்கிக் கிடந்த துயர், அதே புகையின் மணத்தில், கடற்கரையில் வெளிப்படுகின்றது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று கற்ற நமக்கு இவ்விடம் புதிதாகத் தோன்றாது. நினைவு பொருள்களின் வழியே மீளும் என்பதை இக்காலத்து உளவியலும் உடன்படும். ஆனால் இங்கு அவ்வுண்மை வெளியிலிருந்து கொணர்ந்து பொருத்தப்பட்டதன்று. நெருப்பிலும் மீனிலும் வினாவிலும் தானே உறைவது. மற்றும், உணவு உண்ட பின்னரே வினா எழுகின்றது. குற்றமுற்றானைப் பசியோடு விசாரியாமை அன்றாட ஆன்மிகத்தின் முதற்பாடம் எனலாம்.

6. முடிவு

மேற்கூறியவற்றால் தெளிவாவன இவை. நற்செய்திக் கதைகளை உள்ளத்தோடு பொருத்தும் முறை தன்னளவிற் குற்றமுடையதன்று. அது நெடுங்கால மரபுடையது. பதற்றமுற்றோர் பலர் அதனால் தேறியிருத்தலும் கூடும். ஆயின் அது பிழைபடும் இடம் ஒன்றே. கடலைக் கடலாகவும் நோயை நோயாகவும் நிற்கவிடாது, கதைமாந்தரை மனத்தின் கூறுகளாகக் கரைத்துவிடும்போது அது பிழைபடுகின்றது. உருவகக் காப்பியத்திற்கு உரிய படிப்பு முறை நிகழ்ச்சிக் கதைக்கு ஒவ்வாது. அதற்கு உரியது உள்ளுறையின் முறையே.

எனவே தியான உரை எழுதுவோர் இரு வினாக்களை முதலில் தமக்குத் தாமே எழுப்பிக்கொள்ளுதல் நன்று. மாமல்லபுரக் கரையில் படகு தள்ளுவான் ஒருவன் இவ்வுரையைக் கேட்பின் இதிற் கூறிய கடலைத் தன் கடல் என ஒப்புவானா? திருமணியில் மருந்துண்டு குணமானாள் ஒருத்தி இதனைக் கேட்பின் தலைநிமிர்வாளா, குனிவாளா? இவ்விரண்டிற்கும் விடைகூற வல்ல உரையே உள்ளத்திற்கும் உண்மையாக உரைப்பதாகும். தமிழ்க் கிறித்தவ உரைநடையை ஆராயப் புகும் மாணவர் இவ்வளவுகோலைக் கொண்டு ஏனைய கதைகளின் விளக்கங்களையும் நிறுத்துப் பார்ப்பாராக.