கறுப்புக் காரும் என் கிறுக்கும்

வீட்டில் எனக்கு இப்போது 'பாலிஷ்காரர்' என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள், எனக்கோ பட்டம் வாங்கிய மாதிரி இருக்கிறது.

என்னுடையது ஒன்பது வயதுக் கறுப்புக் கார். கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: நிழலில் ராஜா, வெயிலில் மானம் போய்விடும். உச்சி வெயிலில் போனட்டைப் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாகக் கீறல்கள். பெயிண்டுக்கு வயதாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். வயது பாவம், ஒன்றும் செய்யவில்லை. தினமும் காலையில் ஒரே வாளியில் முக்கிய துணியால் வரிசையாகப் பத்து வண்டி துடைபடுகிறதே, அந்தத் துணியில் ஒட்டிய மண் போட்ட கோலம் அது.

கடையில் கொடுத்து ஒருமுறை பாலிஷ் போட்டேன். இரண்டு வாரம் ஜொலித்தது. நாலு மழையில் மினுமினுப்பு கழுவிக்கொண்டு போக, பழைய கீறல்கள் அத்தனையும் திரும்பி வந்தன. கூடவே மெஷின் ஓடிய தடங்கள் புகைபோல. சரி, நாமே இறங்கிவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

மெஷினில் இரண்டு சாதி. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும். ஆனால் ஒரே இடத்தில் கொஞ்சம் தாமதித்தால் சூடேறும், ஓரங்களில் பெயிண்டையே தின்றுவிடும். கை தேர்ந்தவர்களுக்கு அது. டூயல் ஆக்‌ஷன் என்கிற டி.ஏ. மெஷினில் பேட் தானும் சுற்றும், வட்டமும் அடிக்கும். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுகிற மாதிரி. அளவுக்கு மீறி அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். புதுக்கைக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது!

வட்டமடிக்கும் அகலத்தைப் பார்த்து வாங்க வேண்டும். 21 மி.மீ. மெஷின் அகலமான கூரையையும் போனட்டையும் சீக்கிரம் முடித்துவிடும். பம்பர் வளைவில் திணறும். நான் எடுத்தது 15 மி.மீ., பேட் ஒட்டும் தட்டு 5 அங்குலம். முதல் வண்டிக்கு அதுதான் என் சிபாரிசு. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் வோல்டேஜைப் பார்த்துக்கொள்ளுங்கள். 110 வோல்ட் மெஷினை நம் ஊர் பிளக்கில் சொருகினால் கதை முடிந்தது.

இனி வேலை. நிழலில் நிறுத்தி, நன்றாகக் கழுவி, களிமண் கட்டி மாதிரி இருக்கும் கிளே பார் தேய்த்து, ஒட்டியிருக்கும் அழுக்கை எடுத்தேன். பிளாஸ்டிக், ரப்பர் ஓரங்களுக்கெல்லாம் மாஸ்கிங் டேப். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான்; தலைமுடியைவிட மெல்லிசு. அதிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரானைச் சீவித்தான் கீறலைச் சமன் செய்கிறோம். அதனால் முதலில் மிருதுவான பேட், வீரியம் குறைந்த பாலிஷ். ஒரு மூலையில் சோதனை. போதவில்லை என்றால்தான் அடுத்த படி.

பேட்டில் பட்டாணி அளவு நாலு சொட்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் தடவிவிட்டு அப்புறம் சுவிட்ச். முன்பே போட்டால் சுவருக்கும் சட்டைக்கும் பாலிஷ் ஆகிவிடும், அனுபவம் பேசுகிறது. நொடிக்கு ஓர் அங்குலம், கிடையாக, பிறகு நெடுக்காக. தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தேன். கோடு சுற்றினால் வேலை நடக்கிறது. நின்றால் நான் அழுத்துகிறேன். மெஷினின் கனமே போதும், என் பலம் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

துடைத்துவிட்டு டார்ச் அடித்தேன். ஐயோ, அந்த நிமிஷம்! எல்லை தெரிய நடுவில் ஒட்டியிருந்த டேப்புக்கு இந்தப் பக்கம் சாம்பல் படிந்த பழைய கார். அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர்போல ஆழமான கறுப்பு, அதில் டார்ச்சின் ஒற்றைப் புள்ளி. எண்ணெய் பூசி மறைத்த மினுமினுப்பா என்று சந்தேகம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்துத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. மெஷின் எதையும் பூசவில்லை; என் காரின் கறுப்பையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

முழு வண்டிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. முதுகு வலித்தது, மனசு கேட்கவில்லை, மச்சானின் வண்டியையும் இழுத்து வந்தேன். காலையில் துடைக்க வரும் அண்ணன் நின்று பார்த்தார். "என்ன சார், பெயிண்ட் அடிச்சிட்டீங்களா?" பதிலுக்கு நாலு மைக்ரோஃபைபர் துணியும் தனி வாளியும் கொடுத்தேன்.

இந்த ஆயுத பூஜைக்கு மெஷினுக்கும் மாலை, சந்தனம், குங்குமம். மனைவி அடுத்து குங்குமக் கிண்ணத்தோடு காரை நோக்கி நடந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்: "கண்ணாடியில வை தாயே, போனட்டுல மட்டும் வேண்டாம்!"