மரக்கலத்தின் உள்ளே

ஓமானின் சூர் நகரில் ‘ஃபத்ஹுல் கைர்’ என்னும் பாய்மரக் கப்பல் கரையேற்றி நிறுத்தப்பட்டுள்ளது. 1951இல் அவ்வூரிலேயே கட்டப்பெற்றுப் பின்னர் யமனுக்குச் சென்றுவிட்ட அதனை, 1993இல் ஊரார் பொருள் திரட்டி மீட்டு வந்தனர். குவைத்தில் 1937இல் கட்டப்பட்ட ‘முஹல்லப்’ என்னும் கப்பலோ 1990-91 ஆக்கிரமிப்பின்போது எரிந்து போயிற்று. எஞ்சியவற்றைக் காப்போர் நம் நன்றிக்குரியவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பழைய மரக்கலங்களைப் புதுப்பிக்கும் இன்றைய வழக்கத்தில் ஒரு குறையைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. வெளிப்புறத்தை வரலாற்றுக்கென்று செப்பனிடுகின்றனர். உட்புறத்தை விருந்தினருக்கென்று அலங்கரிக்கின்றனர். வார்னிஷ் மின்னும் சுவர்கள், மெத்தையிட்ட இருக்கைகள், பித்தளை விளக்குகள், தடுத்து அமைத்த அறைகள். துபை நீரோடையில் இராவுணவு பரிமாறும் கப்பல்களுக்கு இவை பொருந்தலாம். வரலாற்றுச் சின்னம் என்று பெயரிட்டுக் காட்டும் கலத்துக்கு எவ்வாறு பொருந்தும்?

உட்புறம் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. நம் நூல்களே சான்று. ஹிஜ்ரி 579இல் (கி.பி. 1183) ஐதாபிலிருந்து ஜித்தாவுக்குக் கடல் கடந்த இப்னு ஜுபைர், அங்கிருந்த ‘ஜல்பா’ கலங்களைத் தச்சனின் கண்ணோடு பார்த்திருக்கிறார். அவற்றில் ஆணியே இல்லை. தென்னை நார்க் கயிற்றால் பலகைகள் தைக்கப்பட்டிருந்தன. மரமும் நாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் சென்றவை. நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றைப் பலகைகளுக்கு ஊட்டினர். சுறா எண்ணெயே சிறந்தது என்பது அவர் தரும் செய்தி. பாறைகள் மிகுந்த அக்கடலில் மரம் இளகி வளைந்து கொடுக்க வேண்டும் என்பதே காரணம். வார்னிஷ் செய்வது இதற்கு நேர்மாறானது. அது எண்ணெயை உள்ளே விடாது. உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. மரம் உள்ளுக்குள் உளுத்துப் போகும். ஆக, அழகுக்காகச் செய்வது ஆயுளையும் குறைக்கிறது.

இப்னு ஜுபைர் அப்பலகைகளின் இடைவெளிகளில் செருகிய பேரீச்ச மரக் குச்சிகளை ‘துஸுர்’ என்கிறார். நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைக் குறிக்குமிடத்தில் சூரத்துல் கமரில் வரும் சொல் இது. அகராதியாளர்கள் இதற்கு ஆணி என்றும், பலகைகளைக் கட்டும் நார்க்கயிறு என்றும் இரு பொருள் தருகின்றனர். மாணவர்களுக்கு முதற்பொருளை மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது நம் கல்லூரிகளின் வழக்கம். நானும் பல்லாண்டு அப்படித்தான் கடந்திருக்கிறேன். ‘லிஸானுல் அரப்’ இன்னொரு சொல்லையும் காத்து வைத்துள்ளது: ‘ஜம்மா’. பலகை இடுக்குகளில் கசியும் நீர் கப்பலின் அடியில் தேங்கும் இடம் அது. எந்தக் கலத்துக்கும் கசிவு உண்டு என்று ஏற்றுக்கொண்ட மொழிதான் இத்தகைய சொல்லை ஈன்றிருக்கும். கரையில் நிற்கும் கப்பலின் ஜம்மா வறண்டு கிடக்கிறது. அதன்மீது தரைவிரிப்பையும் போட்டுவிட்டால் சொல்லுக்கு இடமே இல்லாமற் போகிறது.

அறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இப்னு பதூதா கோழிக்கோட்டில் கண்ட கப்பல்களில், கழிப்பிடத்தோடு கூடி உள்ளிருந்து பூட்டிக்கொள்ளத்தக்க அறைகள் இருந்தமையை விரித்துரைக்கிறார். அவை சீனக் கப்பல்கள். தாம் பழகிய கலங்களில் காணாத வசதி என்பதாலேயே அவர் அத்துணை விரிவாக எழுதினார் என்று கொள்வது தகும். அரபுக் கலத்தினுள் வரிசையாக அறைகள் அமைப்போர், அறியாமலேயே சீனக் கப்பலைச் செப்பனிடுகின்றனர். அரபுக் கலத்தின் வயிறு ‘கன்’ எனப்படும் சரக்கறைதான். பேரீச்சம்பழமும் கண்டல் மரக்கழிகளும் நிறைந்த இருட்டு. பயணிகளோ கூண்டில் அடைத்த கோழிகள்போல் நெருக்கியடித்து அமர்ந்தனர் என்று மனம் வெதும்பிச் சொல்பவரும் அதே இப்னு ஜுபைர்தாம். ஒரே பயணத்தில் கப்பலின் விலையை ஈட்டிவிட முனைந்த உரிமையாளர்களை அவர் மன்னிக்கவில்லை.

விதிவிலக்காக ஓர் அறை உண்டு. பின்தளத்தின் கீழிருந்த ‘தபூஸா’. 1938-39இல் அலீ அந்நஜ்தீ என்னும் குவைத் நாகுதாவோடு ஏடனிலிருந்து ஸன்ஸிபார் சென்று திரும்பிய ஆலன் வில்லியர்ஸ், 1940இல் வெளிவந்த ‘சன்ஸ் ஆஃப் சிந்துபாத்’ நூலில் அப்பயணத்தை வியக்கத்தக்க நுட்பத்தோடு பதிந்துள்ளார். அவர் படுத்துறங்கியது மேலே, பின்தளப் பலகையில். பெண் பயணிகள் அடைந்து கிடந்தது அவருக்கு நேர் கீழே, அந்தத் தாழ்ந்த அறையில். பாய் ஏற்றும் பாட்டையும் சரக்கு பேரத்தையும் அருகிருந்து சொல்லும் அந்நூல், காலடியில் இருந்த அறையை வெளியிலிருந்தே சொல்ல முடிகிறது. இது வில்லியர்ஸின் குற்றமன்று. ஆனால் அவர் நூலை வரைபடமாகக் கொண்டு ஒரு கப்பலைப் புதுப்பிப்போர், நாகுதாவின் பின்தளத்தை அச்சொட்டாக அமைத்துவிட்டு, தபூஸாவுக்கு வந்ததும் கையறுநிலை எய்துவர். அந்த வெற்றிடத்தில்தான் மெத்தையும் விளக்கும் குடியேறுகின்றன.

அவ்வறையில் பொம்மைப் பெண்களை அமர்த்துவதையும் நான் ஏற்கமாட்டேன். பலகைக்கு எண்ணெய் ஊட்டி, கதவைத் தாழ்வாகவே விட்டு, விளக்கில்லாமல் திறந்து வைக்கட்டும். பார்க்க வருபவர் குனிந்து நுழைந்து, சற்று நேரம் மூச்சு முட்ட நின்றுவிட்டு வெளியே வரட்டும்.